பழைய காருக்குத் தோள் சீட் பெல்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார்களைப் பிரித்து, துரு எடுத்து, மறுபடி ஓட வைப்பது என் வேலை. பத்துப் பழைய கார் ஒன்றாக நிற்கும் இடத்துக்குப் போனால் போதும், பெல்ட் பற்றி யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். கேட்கிறவர் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, கீழே என் பதிலை வைத்திருக்கிறேன். பழைய கார் என்று இங்கே சொல்வது, பெல்ட்டே இல்லாமலோ இடுப்புப் பட்டை மட்டும் வைத்தோ வெளிவந்த கார்களை.

அறுபது வருஷமா பெல்ட் இல்லாமத்தான் ஓடுது. நானும் மெதுவாத்தான் ஓட்டுறேன். அப்புறம் எதுக்கு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மீதோ மோதுகிறது. 75 கிலோ எடையுள்ள ஆள், அரை மீட்டர் தூரத்துக்குள் முழுதாக நிற்க வேண்டும். அவரைப் பிடித்து நிறுத்தத் தேவையான விசை ஏறக்குறைய ஒன்றரை டன். கையை ஸ்டீயரிங்கில் ஊன்றி இதைத் தாங்க எவராலும் முடியாது. 50 கிலோமீட்டர் என்பது மெதுவாக ஓட்டுகிறவர் போகும் வேகம்தான்.

பழைய காரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பலவற்றில் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீளக் கம்பியாக முன்பக்கம் வரை போகும். மோதினால் மடங்காது, ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வரும். டேஷ்போர்டு வெறும் இரும்புத் தகடு. கதவுப் பூட்டுகளும் அதிர்ச்சியில் திறந்துகொள்ளக் கூடியவை. காற்றுப்பை கிடையாது. ஆகவே இந்தக் கார்களில் உங்களுக்கென்று இருக்கப்போகும் ஒரே பாதுகாப்பு பெல்ட்தான். பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் செலவு செய்வதற்கு முன் இதற்குச் செலவு செய்யுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

இடுப்புல கட்டுற பெல்ட் ஏற்கெனவே இருக்கு. அது போதாதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். காரை விட்டு வெளியே தூக்கி எறியப்படாமல் காப்பாற்றும். ஆனால் மோதும்போது இடுப்பு நின்றுவிடும், மேல் உடம்பு கத்தி மடங்குவதுபோல் முன்னால் மடங்கும். தலை போய் இடிக்கும் இடம், மேலே சொன்ன அதே டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும்தான். பட்டை வயிற்றின்மேல் ஏறியிருந்தால் குடலும் முதுகெலும்பும் அடி வாங்கும்.

1950களில் தோளுக்குக் குறுக்கே மட்டும் போகும் பட்டையும் சில கார்களில் வந்தது. அதில் உடம்பு கீழே நழுவி, பட்டை கழுத்துக்கு வந்துவிடும். சாப் நிறுவனத்தில் விமானிகளை வெளியேற்றும் இருக்கைகளை வடிவமைத்த நில்ஸ் போலின், வால்வோவுக்கு வந்தபின் இந்த இரண்டையும் ஒரே பட்டையாகச் சேர்த்து, இடுப்பின் பக்கத்தில் கீழே பூட்டுகிற மாதிரி அமைத்தார். 1959-இல் அது வால்வோ கார்களில் வந்தது; மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அதன் காப்புரிமையைத் திறந்துவிட்டது. இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட் அதுதான்: தோளுக்குப் பின்னால் ஒரு பிடிப்பு, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. உடம்பின் வலுவான எலும்புகளான இடுப்பெலும்பும் தோளெலும்பும் நெஞ்சுக்கூடும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

ரீல் இல்லாத பெல்ட், ரீல் வெச்ச பெல்ட். எது நல்லது?

பட்டையைச் சுருட்டி வைக்கும் ரீல் இல்லாதது நிலையான பெல்ட். கட்டியபின் நீங்களே இழுத்து இறுக்க வேண்டும். சரியாக இறுக்கினால் நன்றாகவே காப்பாற்றும். சிக்கல், இறுக்கிக் கட்டினால் ரேடியோவுக்கும் கை எட்டாது. அதனால் எல்லோரும் தளர்த்திவிடுகிறார்கள். தளர்ந்த பெல்ட்டில் உடம்பு முதலில் வேகமாக முன்னால் போய், பிறகு பட்டையில் மோதுகிறது.

ரீல் வைத்தது உடம்போடு சேர்ந்து நீளும், சுருங்கும். அதிர்ச்சியில் மட்டும் பூட்டிக்கொள்ளும். ரீல் வைக்க இடமிருந்தால் ரீல்தான் என் தேர்வு. இடமே இல்லாத சின்னக் கார்களில், கதவுகளுக்கு நடுவில் நிற்கும் பில்லர் உள்பக்கம் ஒல்லியாக இருக்கும் கார்களில் நிலையானதைப் போடுங்கள், ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள்.

பெல்ட் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கணும்?

பட்டையில் தைத்திருக்கும் துணிச் சீட்டைப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், அது ஐ.நா. வாகன விதி 16-இன்படி சோதிக்கப்பட்டது. அந்த எண் அங்கீகாரம் தந்த நாட்டைக் குறிக்கும். அமெரிக்கச் சந்தைக்கான பெல்ட்டில் அந்நாட்டின் 209-ஆம் தரவிதி குறிப்பிடப்பட்டிருக்கும். இரண்டும் இல்லாத பெல்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அளவும் முக்கியம். ஒவ்வொரு காருக்கும் பட்டை நீளம், பக்கிள் தண்டின் நீளம், ரீல் நிற்கும் கோணம் மூன்றும் வேறுபடும். வாங்குவதற்கு முன், தோள் பிடிப்பின் உயரம் பற்றிக் கீழே வரும் கேள்விவரை படித்து, கயிறு வைத்து அளந்துவிடுங்கள்.

என் காரில் பெல்ட்டுக்கான ஓட்டை ஏற்கெனவே இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1960களில் வந்த பல கார்களில் பெல்ட் இல்லாவிட்டாலும், பின்னால் போட்டுக்கொள்ள வசதியாக நட்டுகளைத் தொழிற்சாலையிலேயே வைத்து வெல்டு செய்திருப்பார்கள். அமெரிக்காவில் 1968 ஜனவரியிலிருந்து முன் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானதால் (கூரையை மடக்கித் திறக்கும் கன்வெர்ட்டிபிளுக்கு விலக்கு இருந்தது) அந்தச் சமயத்துக் கார்களில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கும் நடு பில்லரின் உள் அலங்காரத் துணியை விரலால் அழுத்திக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். ஓரிடத்தில் விரல் லேசாக உள்ளே அமுங்கும். துணியைக் கிழிக்க வேண்டாம். ஒரு மெல்லிய ஊசியைக் குத்திப் பாருங்கள். தகட்டில் முட்டாமல் உள்ளே போனால் அங்கே ஓட்டை இருக்கிறது. தரையில் கம்பளத்தைத் தூக்கினால், கதவு ஓரமாக உள்ள சில் பெட்டியின் பக்கவாட்டிலும் தரையின் நடுவில் மேடாக நீளும் நடுக் குகையின் பக்கத்திலும் ஒரு ரப்பர் மூடியோ, தார் பூசிய வட்டமோ தெரியும். நான் பிரித்த ஒரு காரில் அறுபது வருடத் தார் அப்பியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தபோது, உள்ளே மரை புத்தம் புதிதாகப் பளபளத்தது. தார்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

கிடைத்ததும் உடனே போல்ட்டைத் திணிக்காதீர்கள். பெயின்ட்டும் தாரும் மரையில் அடைத்திருக்கும். மரை வெட்டும் கருவியான டேப்பில் சரியான அளவை எடுத்து, கையால் மெல்ல விட்டுச் சுத்தம் செய்யுங்கள். நட்டு சுழன்றால் அதன் வெல்டிங் விட்டுவிட்டது என்று அர்த்தம். அது இருந்தும் இல்லாததுதான்.

போல்ட் எது வேணாலும் போடலாமா? கடையில ஸ்டெயின்லெஸ் நல்லா பளபளன்னு இருக்கு.

கூடாது. உலகம் முழுக்க சீட் பெல்ட்டுக்கு வழக்கமான மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று, யு.என்.எஃப். நுண்மரை. மெட்ரிக் கார்களில்கூட இதுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த ஓட்டையில் 10 மில்லிமீட்டர் போல்ட்டை விட்டால் உள்ளே நுழைந்துவிடும், கொஞ்சம் பிடித்த மாதிரியும் இருக்கும். உண்மையில் மரையின் நுனியை உரசிக்கொண்டுதான் நிற்கிறது. இழுத்தால் வந்துவிடும்.

பெல்ட்டோடு வரும் போல்ட்டையே போடுங்கள். அதன் தலைக்குக் கீழே மரை இல்லாத ஒரு தோள் இருக்கும். போல்ட்டை முழுக்க இறுக்கிய பின்னும் பெல்ட்டின் இரும்புத் தகடு அந்தத் தோளைச் சுற்றி லேசாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பட்டை ஒரு ஓரத்தில் மட்டும் இழுபட்டு, அங்கிருந்து கிழியத் தொடங்கும். கூட வரும் அலை வாஷரையும் இடைக்குழலையும் மீதி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காது, ஆனால் உயர் இழுவலு எஃகைவிட வலுக் குறைந்தது. மாற்று போல்ட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் தலையைப் பாருங்கள்: மெட்ரிக்கில் 8.8 அல்லது அதற்கு மேல். அங்குல போல்ட்டில் கிரேடு 8-ஐக் காட்டும் ஆறு கோடுகள். தலையில் ஒன்றுமே பொறிக்காத போல்ட் நம்பர் பிளேட்டுக்குத்தான் ஆகும்.

ஓட்டையே இல்ல. தரையில துளை போட்டு, அடியில பெரிய வாஷர் வெச்சு இறுக்கிட்டா போதுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். போதாது. பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடித்திருக்கும் தகடு கிழிந்தால் எல்லாம் வீண். பழைய காரின் தரைத்தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்தான். வெட்டிக் கழித்த ஒரு தரைத் துண்டில் போல்ட்டையும் பெரிய வாஷரையும் இறுக்கி, சங்கிலி கப்பி மாட்டி இழுத்துப் பார்த்திருக்கிறேன். தகடு முதலில் கூடாரம்போல் உப்பியது. பிறகு வாஷர் குடை மடங்குவதுபோல் மடங்கி, ஓட்டையை அகலமாக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. போல்ட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஐ.நா. விதி 14, பெல்ட் பிடிப்புகள் தாங்க வேண்டிய சுமையைச் சொல்கிறது. மூன்று முனை பெல்ட்டின் தோள் பகுதியை 13.5 கிலோநியூட்டனாலும் இடுப்புப் பகுதியை அதே அளவாலும் ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிப்பார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,375 கிலோவைத் தொங்கவிடுவதற்குச் சமம். அந்தச் சுமையைத் தகட்டின் அகலமான பரப்பில் பரப்ப வேண்டும். அதற்குத்தான் 7/16 நட்டு வெல்டு செய்த தாங்கு தகடுகள் விற்கிறார்கள். பந்தயக் கார்களுக்கான சர்வதேச விதியில் குறைந்தது 3 மி.மீ. கனமும் 40 சதுர செ.மீ. பரப்பும் கேட்கிறார்கள், அதாவது ஏறக்குறைய 63 மி.மீ. சதுரம். நானும் அதைவிடச் சின்னது போடுவதில்லை.

தகடு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். பெல்ட் மேலே இழுக்கும், ஆகவே தகடு தரைக்கு அடியில். இழுக்கும்போது அது தரையை அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நான்கு மூலைகளையும் உருட்டி ராவுங்கள், கூர்மூலை தகட்டை வெட்டும். வெறும் தட்டையான தரை நடுவில் வேண்டாம். சில் பெட்டியோ நடுக் குகையோ குறுக்குச் சட்டமோ தரையோடு சேரும் மடிப்பை ஒட்டிப் பொருத்துங்கள், அங்கே உலோகம் விறைப்பாக இருக்கும். டிரில் போடுமுன் காருக்கு அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் பெரும்பாலும் அந்தக் குகையை ஒட்டித்தான் ஓடும்.

தரையில துரு இருக்கு. அதுக்கு மேல தகடு போட்டு வெல்டிங் வெச்சா சரியாயிடுமா?

ஆகாது. துருவின்மேல் வைக்கும் வெல்டிங் துருவைத்தான் பிடித்திருக்கும். சிறு சுத்தியலால் பிடிப்பு வரவேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல உலோகம் கணீரென்று சொல்லும். துரு மந்தமாக, சொதசொதவென்று கேட்கும். மந்தமான இடத்தை முழுக்க வெட்டி எடுத்து, நல்ல தகடு வைத்து வெல்டு செய்த பிறகுதான் பெல்ட் பற்றிப் பேச்சு.

வெல்டிங் நடக்கும்போது பெல்ட் காருக்குள்ளேயே இருக்கக் கூடாது. ஒரு தீப்பொறி பட்டையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் இழை உருகும், சுமை வரும்போது அங்கே அறும்.

தோள்கிட்ட உள்ள பிடிப்பு எவ்வளவு உயரத்துல இருக்கணும்?

துளை போடுமுன் காரில் வழக்கமாக உட்காரும் ஆளை வழக்கமான இடத்தில் உட்கார வையுங்கள். ஒரு கயிற்றை எடுத்து, தோள் பிடிப்பு வரப்போகும் இடத்தில் ஒரு முனையை ஒருவர் விரலால் அழுத்திப் பிடிக்கட்டும். கயிறு தோளின் நடுவில், கழுத்துக்கும் தோள்முனைக்கும் இடையே ஏறி, நெஞ்சின் குறுக்கே எதிர்ப்பக்க இடுப்புக்கு வர வேண்டும். கழுத்தை உரசினால் பிடிப்பை வெளிப்பக்கம் அல்லது பின்னால் நகர்த்துங்கள். தோளிலிருந்து சரிந்தால் உயரத்தையோ இடத்தையோ மாற்றுங்கள். ஓட்டுபவர் மாறுவார் என்றால் மிக உயரமானவரையும் மிகக் குள்ளமானவரையும் உட்கார வைத்துப் பாருங்கள்.

பிடிப்பு தோளின் மட்டத்திலோ அதற்கு மேலேயோ இருக்க வேண்டும். கயிறு தோளிலிருந்து பின்னால் போகும்போது கீழே இறங்கினால் அது தவறான இடம். மோதும்போது உடம்பு முன்னால் போகப் பார்க்கும், பட்டை தோளைக் கீழே அமுக்கும், அந்த அமுக்கம் முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். பின் தரையில் ஒரு போல்ட் போட்டு, சீட்டின் முதுகுக்கு மேலாகப் பட்டையை வளைத்து எடுத்த கார்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க நவீன பெல்ட் மாதிரியே இருக்கும். அப்படிப் போடாதீர்கள்.

இடுப்புப் பக்கம் உள்ள இரண்டு பிடிப்பும், பக்கிளும்?

இடுப்புப் பட்டை தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், எலும்பின்மேல் படிய வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பட்டை கிடைமட்டத்தோடு 30 டிகிரிக்குக் குறையாமல், 75-80 டிகிரிக்கு மிகாமல் கீழே இறங்க வேண்டும். நான் 50-60 டிகிரியைக் குறிவைப்பேன். பிடிப்பு மிகவும் பின்னால் போனால் பட்டை படுத்துவிடும். உடம்பு அதன் அடியில் நழுவி, பட்டை வயிற்றுக்கு ஏறும்.

பக்கிள் இடுப்பின் ஓரத்தில் நிற்க வேண்டும், வயிற்றின்மேல் வரக் கூடாது. சீட்டின் விளிம்பில் பக்கிள் பாதி முட்டிக்கொண்டு நின்றாலும் தவறு. சுமையில் அது அந்த விளிம்பைச் சுற்றி வளைந்து உடையலாம். இதற்காகத்தான் பக்கிள் தண்டு பல நீளங்களில் வருகிறது. ஒரே நீள பெஞ்ச் சீட் என்றால், அமருமிடத்துக்கும் முதுகுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகத் தண்டை எடுங்கள்.

பக்கிளைப் பழைய சீட்டின் சட்டத்திலேயே பூட்டலாமா என்றும் கேட்பார்கள். புதிய கார்களில் அப்படி இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அந்த சீட்டும் அதன் தண்டவாளமும் அந்தச் சுமைக்கென்றே செய்தவை. உங்கள் சீட் அப்படிச் செய்ததல்ல. காரின் உடலில் பூட்டுங்கள்.

நடு பில்லர் உள்ளே வெறும் குழாய் மாதிரி இருக்கு. கை நுழையல, நட்டு எப்படி வைக்கிறது?

பில்லரின் உள் தகட்டில் நட்டின் அளவுக்குத் துளை போட்டு, நட்டு வெல்டு செய்த தாங்கு தகட்டை மேலே பொருத்திச் சுற்றிலும் வெல்டு செய்வது ஒரு வழி. நட்டு துளைக்குள் அமரும், தகடு பில்லர் முகத்தில் படியும். இங்கே இழுப்பு முழுவதும் வெல்டிங்கில் வருவதால் அது தேர்ந்த கை செய்த வேலையாக இருக்க வேண்டும். இன்னொரு வழி, பில்லரில் ஒரு சன்னலை வெட்டி, தகட்டை உள்ளே விட்டு உள்பக்கம் வெல்டு செய்துவிட்டு, சன்னலை மூடுவது. வேலை அதிகம், ஆனால் தகடு இழுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும். எனக்கு இதுதான் மனநிறைவு. உள்ளே நுழைந்து விரியும் ரிவெட் நட்டுகளைப் பெல்ட்டுக்கு ஒருபோதும் நம்பாதீர்கள்.

என் கார் கன்வெர்ட்டிபிள். பில்லரே கிடையாது. நடு பில்லர் இல்லாத ஹார்ட்டாப்புக்கும் இதே கதைதானே?

ஹார்ட்டாப் கொஞ்சம் பரவாயில்லை. கூரையின் பக்கச் சட்டத்திலோ பின் பில்லரிலோ தாங்கு தகடு வைக்க இடம் கிடைக்கும். தோள் பிடிப்பு தூரமாகப் போவதால் பட்டையின் நீளம் கூடும், நீளம் கூடினால் சுமையில் அது நீள்வதும் கூடும். அவ்வளவு தூரம் உடம்பு முன்னால் போகும். முடிந்தவரை தோளுக்கு அருகே கொண்டுவாருங்கள்.

கன்வெர்ட்டிபிளில் பின் சக்கர வளைவின் மேற்பகுதி, இருக்கைக்குப் பின்னாலுள்ள குறுக்குத் தகடு, இரண்டில் ஒன்றைத்தான் நாட வேண்டியிருக்கும். இரண்டு இருக்கை மட்டும் உள்ள தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்தக் குறுக்குத் தகடு தோள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், நன்றாக அமையும். பெரிய நான்கு இருக்கைக் கார்களில் அது தோளுக்கு வெகு கீழே இருக்கும். அங்கே சட்டத்தோடு இணைந்த ஓர் உருள்வளையம் (கார் உருண்டால் தாங்கும் இரும்பு வளைவு) கட்டி, அதில் பிடிப்பு வைப்பதே சரி. அது வேண்டாம், உயரமும் கிடைக்கவில்லை என்றால் ஒழுங்காகப் பொருத்திய இடுப்புப் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாழ்வான தோள் பிடிப்பின் தீங்கை, பிடிப்பின் உயரம் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன்.

ரீல் பொருத்தியாச்சு. ஆனா பட்டையை இழுத்தா ஒரு சாண் வந்து பூட்டிக்குது. ரீல் பழுதா?

பெரும்பாலும் இல்லை, கோணம்தான் தவறு. ரீலுக்குள் இரண்டு உணரிகள் உண்டு. ஒன்று பட்டை வெடுக்கென்று இழுபட்டால் பூட்டும். இன்னொன்று ஒரு சிறு கிண்ணத்தில் அமர்ந்திருக்கும் எஃகு உருண்டை; கார் திடீரென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ உருண்டை கிண்ணத்தில் ஏறி, ஒரு நெம்பைத் தூக்கி, பல்சக்கரத்தைப் பூட்டும். கிண்ணம் மட்டமாக இருந்தால்தான் உருண்டை அமைதியாக இருக்கும். விதி 16-இன்படி, பொருத்த வேண்டிய நிலையிலிருந்து 12 டிகிரிக்குள் சாய்ந்தால் ரீல் பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும்.

ஆகவே நிமிர்ந்து நிற்கும் பில்லருக்கான ரீலைச் சாய்ந்த சக்கர வளைவில் பூட்டினால் அது எப்போதும் பூட்டிய நிலையில்தான் இருக்கும். எந்தக் கோணத்தில் பொருத்துகிறீர்களோ அதற்கான ரீலை வாங்குங்கள், அல்லது உணரியின் கோணத்தை மாற்றியமைக்கக் கூடிய வகையை வாங்குங்கள். மூடியைத் திறந்து உருண்டையை எடுத்துவிட்டால் பட்டை தாராளமாக வரும் என்று யாரோ சொன்னதாக ஒருவர் சொன்னார். எடுத்தால் மோதும் நேரத்தில் காரின் அதிர்ச்சியை உணர ஆள் இருக்காது. ரீலைத் திறக்கவே கூடாது.

புதுக் காரிலிருந்து கழட்டின பெல்ட் சும்மா கிடைக்குது. அதைப் போட்டா என்ன?

முதலில், அந்தக் கார் மோதியதா என்று உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை சுமை தாங்கிய பட்டை நீண்டுவிடும், தையல் தளரும், மறுமுறை அது பழைய பெல்ட் அல்ல.

இரண்டாவது, பல புதிய ரீல்களில் வெடிமருந்தால் இயங்கும் இறுக்கி இருக்கிறது. அதை இயக்கும் உணரியும் கணினியும் உங்கள் காரில் இல்லை. வெடிமருந்து மட்டும் உங்கள் காதுக்கருகே உட்கார்ந்திருக்கும். மூன்றாவது, கவனிக்காமல் விடுவது: புதிய ரீல்களில் சுமை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பட்டையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் அமைப்பும் உண்டு. காற்றுப்பை வந்து நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்தது அது. காற்றுப்பை இல்லாத காரில் அந்த விட்டுக்கொடுத்த தூரம் உங்களை ஸ்டீயரிங் வரை கொண்டுபோகும். பழைய காருக்கென்று புதிதாகச் செய்த எளிய ரீல்தான் நமக்குப் பொருந்தும்.

என் சீட் முன்னாடி மடங்கும், முதுகும் குட்டை. பெல்ட் போட்டா அதுக்கும் ஏதாவது செய்யணுமா?

இரண்டு கதவுக் கார்களில் பின்னால் ஏறுவதற்காக முன் சீட் தூக்கி மடங்கும். பூட்டு இல்லாத சீட் என்றால், மோதும்போது பெல்ட் உங்களைப் பிடிக்கும், சீட் பின்னாலிருந்து வந்து உங்களை இடிக்கும். மடங்காமல் தடுக்கும் ஒரு தாழ்ப்பாள் அவசியம். தலைத் தாங்கி இல்லாததற்குப் பெல்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பின்னாலிருந்து இடி வாங்கும்போது கழுத்தைக் காப்பது தலைத் தாங்கி மட்டுமே. அது சீட்டைச் சார்ந்த தனி வேலை.

ரேஸ் கார் மாதிரி நாலு முனை பெல்ட் போட்டா இன்னும் பாதுகாப்புதானே?

ரேஸ் கார்களில் விறைப்பான பந்தய சீட், கூண்டு, தலைக்கவசம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பெல்ட் வேலை செய்கிறது. சாதாரண சீட்டில் இரண்டு தோள் பட்டைகளும் இடுப்புப் பட்டையின் நடுவை மேலே இழுத்துவிடும், அது வயிற்றுக்கு ஏறும். தொடைகளுக்கு நடுவே கீழே இழுத்துப் பிடிக்கும் பட்டை நாலு முனையில் இல்லை. தோள் பட்டைகள் பின் தரைக்கு இறங்கினால் முதுகெலும்புக்கு வரும் கேடும் அதே. சாலையில் ஓடும் காருக்கு மூன்று முனையே போதும்.

உடம்பு மரச்சட்டம், மேல தகடு. இன்னொரு கார் ஃபைபர். இதுல எங்க பூட்டுறது?

மரத்தையும் ஃபைபரையும் நம்பிப் பெல்ட் போடக் கூடாது. மரம் போல்ட்டைச் சுற்றிப் பிளக்கும், ஃபைபர் ஓட்டையைச் சுற்றி நொறுங்கும். அடியில் இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து எஃகுக் கால் ஒன்றை எழுப்பி, அதில் பிடிப்பு வையுங்கள். தனிச் சட்டத்தின்மேல் உடல் உட்காரும் கார்களில் இன்னொன்றையும் கவனியுங்கள்: மூன்று பிடிப்பில் ஒன்று சட்டத்திலும் மற்றவை உடலிலும் இருந்தால், மோதலில் உடல் சட்டத்தை விட்டு நகரும்போது பட்டை தளரலாம் அல்லது நெரிக்கலாம். மூன்றையும் ஒன்றுக்கே கட்டுவது நல்லது. இந்த வகைக் கார்களை அனுபவமுள்ள ஒரு பொறியாளரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

பின் சீட்டுக்கும் வேணுமா? குழந்தை இருக்கை மாட்டலாமா?

பின்னால் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் மோதலின்போது முன் சீட்டில் இருப்பவர்மேல் விழுவார். 1-ஆம் பதிலில் போட்ட ஒன்றரை டன் கணக்கு அவருக்கும் உண்டு. பின்பக்கம் பொருத்துவது பெரும்பாலும் சுலபம்தான்: பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டோ சக்கர வளைவோ கிடைக்கும். அந்தத் தட்டு பல கார்களில் மெல்லிய தகடு, சிலவற்றில் வெறும் அட்டை. அடியில் கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள்.

குழந்தை இருக்கையை மூன்று முனை பெல்ட்டால் பூட்டும் வகையில் வாங்குங்கள். வாங்குமுன் காரில் வைத்து, பட்டை நீளம் போதுகிறதா, இருக்கை ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் பார்த்து உட்காரும் இருக்கையிலோ, பெல்ட் இல்லாத இருக்கையிலோ குழந்தையை ஏற்ற வேண்டாம்.

காரோட பழமை கெட்டுப் போயிடாதா?

இந்தக் கவலையை மதிக்கிறேன். தொழிற்சாலை ஓட்டை இருந்தால் ஒரு துளைகூடப் புதிதாகத் தேவையில்லை. குரோம் மூடி வைத்த பழைய பாணிப் பக்கிளோடு, புதிய பட்டையும் அங்கீகாரமும் உள்ள பெல்ட்டுகள் கிடைக்கின்றன. பட்டையின் நிறத்தை உள் அலங்காரத்தோடு பொருத்தலாம். தாங்கு தகடுகள் காருக்கு அடியில்தான் இருக்கும். காட்சிக்கு நிறுத்தும்போது பெல்ட்டைக் கழற்றி, ஓட்டையை ரப்பர் மூடியால் மூடிவிடலாம். ஓட்டிக்கொண்டு வரும்போது அது மாட்டியிருக்கட்டும்.

காரோட வந்த பழைய பெல்ட் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வெளுத்திருக்கு, சாயம் போட்டுடலாமா?

வெளுப்பே எச்சரிக்கைதான். வெயில் பட்டு இழை நைந்திருக்கிறது. ஓரத்தை இரு விரலால் மடித்துப் பாருங்கள்; பஞ்சு மாதிரி மயிர் எழும்பினால், விறைத்திருந்தால், தையலில் ஒரு நூல் அறுந்திருந்தால் மாற்றுங்கள். சாயமும் வெளுக்கும் திரவமும் இழையை மேலும் கெடுக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்துவதோடு சரி. பக்கிளும் இரும்புப் பாகமும் மட்டும் பழையதாக வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பட்டையை மாற்றித் தைத்துத் தருவார்கள். வீட்டுத் தையல் மெஷினில் தைக்காதீர்கள்.

நானே பொருத்திடலாமா? சரியா இருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது?

தொழிற்சாலை நட்டு நல்ல நிலையில் இருந்தால் கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பொருத்தலாம். துளையும் வெல்டிங்கும் தேவைப்பட்டால் அந்தப் பகுதியை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். உங்கள் ஊர் வாகன விதி பழைய காருக்குப் பெல்ட் கேட்காவிட்டாலும், பொருத்திய பெல்ட் ஒழுங்காக இருக்கிறதா என்று ஆய்வில் பார்க்கலாம். அதனால் துளை போடுமுன் கேட்டுவிடுங்கள்.

பொருத்தி முடித்ததும், கார் நிற்கும்போதே பட்டையை வெடுக்கென்று இழுங்கள், பூட்ட வேண்டும். விட்டால் தானாகச் சுருண்டு போக வேண்டும். ஒவ்வொரு இரும்புத் தகடும் போல்ட்டைச் சுற்றித் திரும்புகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, தண்டவாளத்திலோ கதவிலோ பட்டை நசுங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு பின்னால் யாரும் வராத காலியான இடத்தில், நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போய் பிரேக்கை அழுத்துங்கள். உடம்பு சாயத் தொடங்கும்போதே பட்டை பூட்டுவது தோளில் தெரியும். ஒரு மாதம் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். கம்பளமும் தாரும் அமுங்கி, இறுக்கம் குறைந்திருக்கும்.